கீமோ எடுக்கும்போது கை, கால் எரியுதா? டாக்டர்கிட்ட மறைக்காதீங்க!

கீமோதெரபின்னாலே முடி கொட்டும், வாந்தி வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரிவதும் அதன் பக்கவிளைவுதான் என்பது பலருக்குத் தெரியாது. இதன் பெயர் 'ஹேண்ட் ஃபுட் சிண்ட்ரோம்'.

யாருக்கு வரும்?

கேப்சிடபைன், 5-ஃப்ளோரோயுராசில், லைப்போசோமல் டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது. பெரும்பாலும் முதல் சில சைக்கிள்களிலேயே தெரிந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் நிலை: மதமதப்பு, லேசான சிவப்பு, வலி இருக்காது.

இரண்டாம் நிலை: வலி, வீக்கம், தோல் உரிதல்; வீட்டு வேலை செய்வது கஷ்டமாகும்.

மூன்றாம் நிலை: கடும் வலி, கொப்புளம், சட்டை பட்டன்கூடப் போட முடியாது.

எங்கே தப்பு நடக்குது?

கேப்சிடபைன் வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரை. 'சொன்னா ட்ரீட்மென்ட்டை நிறுத்திடுவாங்க'ன்னு பயந்து வலியைப் பொறுத்துக்கிறவங்க உண்டு. தாங்க முடியாமல் தாங்களே மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. ரெண்டுமே தப்பு. வலி தொடங்கிய அன்றே டாக்டருக்கு போன் பண்ணுங்க. பொதுவாக, மருந்தைச் சில நாள்கள் நிறுத்தி, தோல் தேறியதும் தேவைப்பட்டால் டோஸைக் குறைத்துத் தொடர்வார்கள். கொப்புளத்தோடு காய்ச்சலும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வெந்நீர் வேண்டாம். பாத்திரம் தேய்ப்பது, துணி பிழிவதை வேறு யாராவது செய்யட்டும்.
* டாக்டர் சொல்லும் யூரியா க்ரீமைத் தேய்க்காமல் மென்மையாகத் தடவுங்க.
* தளர்வான காட்டன் சாக்ஸ், மெத்தென்ற செருப்பு போடுங்க. வெறுங்காலில் நடக்க வேண்டாம்.
* கொப்புளத்தை உடைக்காதீங்க.

டெல்லி எய்ம்ஸில், கேப்சிடபைன் எடுத்த 264 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. சாதாரண ஜெல் தடவியவர்களில் 15 சதவிகிதம் பேருக்கு இரண்டாம், மூன்றாம் நிலை பாதிப்பு வந்தது. 1% டைக்ளோஃபெனாக் ஜெல் தடவியவர்களில் அது 3.8 சதவிகிதம்தான். ஆனாலும் நீங்களே வாங்கித் தடவாமல், டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்க.

ரேகை விழலையா?

தோல் உரிவதால் கைரேகையும் அழியலாம். ரேஷன் கடையிலோ பேங்க்கிலோ ரேகை விழவில்லை என்றால் பதற வேண்டாம். ஆதாரில் கருவிழி, முகம், ஓ.டி.பி. வழிகளும் உண்டு. டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி வெச்சுக்கோங்க.

வீட்டில் யாராவது கீமோ எடுக்கிறாங்களா? 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவாங்க. நீங்களே தினமும் அவங்க கையையும் காலையும் ஒருமுறை பார்த்துடுங்க.