வண்ணப்பிரிகையில் கண்டறியும் நுண்மை

நீர், மண், காற்று ஆகியவற்றில் கலந்துள்ள வேதிப்பொருள்களைத் தனித்தனியே பிரித்து, மிகச் சிறிய அளவையும் அளந்தறியும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். காவிரிப் படுகையில் இவற்றின் ஒரு பயன், நெல்வயல் பூச்சிமருந்தின் எச்சத்தைக் காண்பது.

வரலாறு: ருசியத் தாவரவியலாளர் மிகயில் சுவெட், இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் இறக்கி நிறப்பட்டைகளாகப் பிரித்தார், 1906இல் அம்முறைக்கு வண்ணப்பிரிகை எனப் பெயரும் சூட்டினார். ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் 1941இல் பங்கீட்டு முறையை வகுத்து, 1952இல் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் மார்ட்டினும் அவருடைய உடனாய்வாளர் ஜேம்சும் வாயு–திரவ முறையை வெளியிட்டனர். நுண்மை பெருகியது 1957இல் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய எலக்ட்ரான் கவர் உணர்வியால்தான். கதிரியக்கத் தகட்டின் உதவியால் அதனுள் சிறு மின்னோட்டம் நிலவும். குளோரின் உள்ள மூலக்கூறு வந்து எலக்ட்ரான்களைக் கவர்ந்தால் மின்னோட்டம் தாழும். அந்தத் தாழ்வே அளவு. டி.டி.டி., பி.எச்.சி. ஆகிய குளோரின் பூச்சிமருந்துகள் இவ்வாறே பிடிபட்டன.

செறிவூட்டல்: 1 லிட்டர் ஆற்றுநீரிலுள்ள எச்சம் முழுவதையும் ஹெக்சேனில் இறக்கி, அதை 1 மில்லிலிட்டராக வற்றவைத்தால் செறிவு 1,000 மடங்காகும். கூடவே அழுக்கும் செறியும். கழிமுகச் சேற்றிலுள்ள கந்தகம் உணர்வியை ஏமாற்றும் என்பதால், சாற்றில் செம்புத்தூளை இட்டுக் குலுக்குவர். கந்தகம் பற்றிக்கொள்ளச் செம்பு கறுத்துவிடும். புதிதாக இட்ட தூள் கறுக்காத வரை இதைத் தொடர்வர்.

காவிரிப் படுகையில்: கதிர் நாவாய்ப்பூச்சிக்குப் பி.எச்.சி. தூளைப் பால்பிடிக்கும் பருவத்தில் தூவுவது உழவர் வழக்கமாக இருந்தது. 1980களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளரும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும், கொள்ளிடத்துக்கு வடக்கே வெள்ளாற்றுப் பகுதியின் நீரையும் காற்றையும் ஆராய்ந்தனர். சம்பா நெல் நிற்கும் அக்டோபர்–பிப்ரவரியில் பி.எச்.சி. உயர்ந்தது, டி.டி.டி.யில் அத்தகைய பருவ ஏற்றம் தெளிவாக இல்லை. வயலில் இட்ட பி.எச்.சி.யில் 99.6 விழுக்காடு காற்றில் ஆவியாகிறது, கடல் சேர்வது சொற்பமே என அவர்கள் கணித்தனர். நஞ்சு ஆற்றோடு போய்விடுகிறது என்ற எண்ணம் இத்துடன் அடிபட்டது. நுண்மையான உணர்வி இல்லாதிருந்தால் வெப்பநாட்டு வயலின் இவ்வியல்பு வெளிப்பட்டிராது.

இன்றைய நிலை: பி.எச்.சி. 1997இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. இப்போது நிறை நிறமாலைமானி இணைந்த கருவிகள் வழக்கில் உள்ளன.