பட்டினி போட்டால் கொழுக்கும் பாசி

மனுஷனைப் பட்டினி போட்டால் இளைப்பான். சில நுண்பாசிகள் கொழுக்கும். வெயில் இருக்கிறது, கரியமில வாயு இருக்கிறது, புரதம் கட்ட நைட்ரஜன் மட்டும் இல்லை என்றால் செல் பெருக முடியாது. கிடைக்கிற சக்தியை எண்ணெய்த் துளிகளாக உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். நடுநிலைக் கொழுப்பு என்பது இதைத்தான். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நம்மைப் பயமுறுத்தும் டிரைகிளிசரைடும் இந்த வகை. எங்கள் கன்னிவாடிப் பக்கம் செக்கில் ஆட்டும் கடலெண்ணெயும் பெரும்பாலும் அதுவே.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்ததால் ஜெர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம். பெர்லினில் பால் லிண்ட்னர் ஒரு ஈஸ்ட்டை வளர்த்து அதில் கொழுப்பு எடுக்கப் பார்த்தார். போர் முடிந்தது, கப்பல்கள் வந்தன, ஈஸ்ட்டை மறந்தார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவின் முறை. 1978 முதல் 1996 வரை சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்து, 3,000-க்கும் மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்தார்கள். நியூ மெக்சிகோவில் திறந்த குளங்களில் வளர்த்தும் பார்த்தார்கள். கிடைத்த பாடம் கசப்பானது: பட்டினி போட்டால் எண்ணெயின் சதவீதம் ஏறுகிறது, ஆனால் பாசி வளர்வது நின்றுபோகிறது. மொத்தத்தில் லாபம் இல்லை.

கனவு மட்டும் சாகவில்லை. 2009-இல் எக்ஸான் நிறுவனம் பாசி எண்ணெயில் இறங்கியது. பல வருடம் கழித்து விலகிக்கொண்டது. 2012-இல் பாவ்நகரின் மத்திய அரசு ஆய்வகம் ஒன்று பாசி டீசலில் கார் ஓட்டிக் காட்டியது. பங்குகளில் அந்த டீசல் இன்னும் வரவில்லை.

ஜெயித்தது வேறு இடத்தில். 1985-இல் தொடங்கிய மார்ட்டெக் என்ற அமெரிக்க நிறுவனம், வெயிலே படாத தொட்டியில் சர்க்கரை ஊட்டி ஒரு நுண்பாசியை வளர்த்து டிஹெச்ஏ எண்ணெய் எடுத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அமெரிக்கக் குழந்தைகளின் பால்பவுடருக்குள் போனது. லிட்டர் கணக்கில் எரிக்க விலை கட்டாத எண்ணெய், சிட்டிகை அளவில் ஊட்டக் கட்டுப்படியானது.

இந்தக் கணக்கு எனக்கு முக்கியம். 2003-இல் திட்டக்குழு காட்டாமணக்கை டீசல் பயிராக முன்வைத்தது. தமிழ்நாட்டில் அதை நம்பி நட்ட பலர் பிறகு பிடுங்கிப் போட்டார்கள். நாளை யாராவது எங்கள் ஊருக்குப் பாசிக் குளத் திட்டத்தோடு வந்து, "அறுபது சதவீதம் எண்ணெய்ங்க" என்றால், நான் மூன்று கேள்வி கேட்பேன். ஒரு சதுர மீட்டரில், ஒரு நாளைக்கு எத்தனை கிராம்? தண்ணீர் எங்கிருந்து? யார் வாங்குவார்கள்?