லயத்துக் காம்பிராவும் இல்லக் கைவினையும்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, ஓட்டன் சமவெளியை அடுத்துத் தாழ்ந்து விரிந்து கிடப்பது அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கு. மேலிருந்து இறங்கிவரும் ஆக்ரா ஓயா இப்பள்ளத்தாக்கினூடே ஓடிக் கொத்மலை ஓயாவுடன் கலந்து, ஈற்றில் மகாவலி கங்கையிற் சேர்கின்றது. பத்தனை என்பது மரமற்ற மலைப்புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் வழிவந்தது. அப்புல்வெளியைச் சூழ்ந்திருந்த பெருங்காடு வெட்டி எரிக்கப்பட்டுப் பயிர்நிலமாயிற்று. பழைய பெயர் ஊருக்கு எஞ்சியது. தோட்டங்களுக்கோ புதுப் பெயர்கள் வந்தன. கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி, டொரிங்டன், ஹோல்புறூக் என்று அவற்றை ஒருவர் வரிசையாகச் சொல்லக் கேட்டால், ஸ்கொத்லாந்துப் படமொன்றை விரித்துவைத்துப் படிக்கின்றாரோ என்று ஐயுறத் தோன்றும்.

இத்தோட்டங்களின் வரலாற்றை அறிய விழைவோர்க்கு ஏடுகளுக்குக் குறைவில்லை. ஃபேர்குசன் பெயரால் வெளிவந்த இலங்கைக் கையேட்டைப் புரட்டினால், தோட்டம் எத்தனை ஏக்கர், அதன் உடைமையாளர் யாவர், பொறுப்பிலிருந்த துரை யார் என்பனவெல்லாம் அச்சிற் கிடைக்கும். ஆயின், அதே தோட்டத்து லயத்திலே ஒரு தாய் தன் மகவை எதிலே உறங்கவைத்தாள், அம்மகவு எதனைக் கையில் வைத்து விளையாடிற்று, இரவிலே எந்த விளக்கின் ஒளியில் அதன் கிழிந்த சட்டையைத் தைத்தாள் என்பன எந்தக் கையேட்டிலும் ஏறவில்லை. அவற்றை அறிதற்குரிய சான்றுகள் வேறு. அவை பழஞ்சேலை, சணற்சாக்கு, வெற்றுப் பால்பேணி, கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் மிலாறு ஆகியவை.

மலைநாட்டுத் தோட்டங்களில் நிலையான குடும்ப வாழ்க்கை வேரூன்றியது தேயிலையின் வருகையோடுதான் என்பதை முதலில் நினைவிற்கொள்ளல் வேண்டும். அதற்கு முன்பிருந்த கோப்பிப் பயிர் ஆண்டு முழுதும் பெருந்தொகையான ஆட்களை வேண்டி நிற்கவில்லை. பழம் பறிக்கும் பருவத்துக்குத் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டிவருவர். வருவோருட் பெரும்பான்மையினர் ஆடவர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்புவர். 1869-ஆம் ஆண்டு கோப்பியை இலைத்துரு நோய் பற்றியது. அதற்கு இரண்டு ஆண்டுகட்கு முன்னரே, 1867-இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை நட்டிருந்தார். கோப்பி மடிந்த நிலங்களிலெல்லாம் அடுத்த இருபதாண்டுகளுக்குள் தேயிலை ஏறிற்று. புகையிரதப் பாதையும் உடன் ஏறி, 1884-இல் அட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டியது.

தேயிலையோ காத்திராத பயிர். கிழமைக்கு ஒருமுறை, சற்றுப் பிந்தினாற் பத்து நாளைக்கு ஒருமுறை, கொழுந்து எடுத்தே ஆகவேண்டும். ஆண்டின் எத்திங்களும் விலக்கன்று. விரைந்து கொழுந்து கிள்ளுதற்குப் பெண்கள் வேண்டப்பட்டனர். பெண்கள் வந்த இடத்தே பிள்ளைகள் பிறந்தனர். குடும்பத்தோடு குடியிருப்போரே தோட்டத்துக்கு ஆதாயம் என்று கணக்குப் பார்த்த பின்னரே குடும்பத்துக்கு இடம் கிடைத்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

கிடைத்த இடத்தின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. ஒரே கூரையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு அறைகள் ஒட்டி நிற்பது லயம். முதுகோடு முதுகாக இரட்டை வரிசையாயின் அறைகளும் இரட்டிக்கும். அறைக்குக் காம்பிரா என்று பெயர். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். முன்புறத்து ஒடுங்கிய திண்ணைக்கு இஸ்தோப்பு என்று பெயர். அது ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. குடியேறியவர் தமிழர், தோட்டம் ஆங்கிலேயருடையது, அறையின் பெயர்களோ அவர்களுக்கும் முந்திய இரு அந்நியருடையவை!

சுவர், கூரைத் தகரம், வாசல் நிலம் யாவும் தோட்டத்துக்கே உரியன. வேலை போனால் காம்பிராவும் போகும். குளிருக்குப் போர்த்த கம்பளியுங்கூட முதலிற் கடனாக வழங்கப்பட்டுப் பின்னர்ச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. இந்நிலையில் ஒரு குடும்பம் தன்னுடையது என்று சொல்லத்தக்கதாய் இருந்தது, அதன் கைகள் செய்துகொண்டது மட்டுமே. இல்லக் கைவினை என்றால் பிற இடங்களில் ஓய்வுநேரத்துப் பொழுதுபோக்கு என்று கருதுதல் கூடும். லயத்திலே அது வீட்டை வீடாக்கும் வேலையாக இருந்தது.

செங்களிமண்ணைப் பிசைந்து அடுப்பு அமைப்பாள் குடும்பத் தலைவி. தரையைச் சாணத்தால் மெழுகுவாள். அடுப்புக்கு விறகு, கவ்வாத்திலே விழுந்த தேயிலைக் கிளைகள். மிலாறு என்னும் இதனைக் கட்டாகக் கட்டித் தலையிற் சுமந்துவந்து இஸ்தோப்பிலே அடுக்கிவைப்பர். அரிசி வந்த சணற்சாக்கு வெறுமையானதும் அதன் இரண்டாம் வாழ்வு தொடங்கும். விரித்தாற் பாய், தொங்கவிட்டால் வாசலுக்குத் திரை, இடுப்பிற் சுற்றினால் தேயிலைச் செடிகளின் ஈரத்தையும் முட்களையொத்த கிளைகளையும் தடுக்கும் படங்கு. கம்பளி நடுவிலே நைந்துபோனால் ஓரங்களை வெட்டி இணைத்துத் தொட்டிற் பிள்ளைக்குப் போர்வையாக்குவர். வெற்றுக் குப்பியின் மூடியைத் துளைத்துத் திரி செருகினால் மண்ணெண்ணெய் விளக்காயிற்று. 5,000 அடிக்கு அண்மிய உயரத்திலே, தென்மேற்குப் பருவமழை நாட்கணக்காக ஓயாது பெய்யும்போதும், தை மாசியில் விடியற்காலத்துப் பனி புல்லை வெளுக்கச் செய்யும்போதும், இப்பொருள்களின் அருமை நன்கு விளங்கும்.

இவை யாவற்றினும் முதன்மையானது ஏணை. தாயின் பழஞ்சேலையை இரட்டையாக மடித்துக் கூரைச் சட்டத்திலே கட்டிவிட்டால் குழந்தைக்குத் தொட்டில் ஆயிற்று. ஒடுங்கிய காம்பிராவிலே இதனைவிடச் சிறந்த படுக்கை எண்ணுதற்கரிது. பகலில் அவிழ்த்துச் சுருட்டலாம். தரையின் ஈரமும் பூச்சியும் எட்டா. அடுப்படியில் நிற்கும் தாய் காலால் ஒரு தள்ளுத் தள்ளி ஆட்டலாம். பலமுறை துவைத்து மென்மையேறிய பருத்தியாதலின் குழந்தையின் உடலை உறுத்தாது. அவளுடைய வாசனையும் அதிலிருந்தது. தாய் மலைக்குச் சென்ற பின்னரும் குழந்தை உறங்கிற்று என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குச் செல்லும் தாய்க்குக் கைக்குழந்தையை என்செய்வது என்பதே தோட்ட வாழ்வின் பெருஞ்சிக்கல். தொடக்கத்திலே பாட்டியோ, பள்ளிக்குச் செல்லாத மூத்த பெண்பிள்ளையோ பார்த்துக்கொள்வர். அவரும் இல்லையாயின், மலையோரத்து நிழல்மரத்திலே ஏணையைக் கட்டவேண்டியதுதான். காலப்போக்கிலே தோட்டங்கள் பிள்ளைக்காம்பிரா என்னும் பொதுவறையை ஏற்படுத்தின. பிள்ளை மடுவம் என்பாரும் உளர். அங்கும் கூரை உத்திரத்திலே வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். ஆயம்மா ஒருத்தி ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டிச் செல்வாள். எந்த ஏணையில் எவர் பிள்ளை என்பதைச் சேலையின் நிறமே காட்டிவிடும். இடைவேளையிலே தாய்மார் மலையினின்று விரைந்து இறங்கிப் பாலூட்டி மீள்வர். அவ்வாறு சென்றுவரும் நேரத்திலும் கூடையின் நிறை குறையலாகாது.

இங்கே ஸ்கொத்லாந்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டியுள்ளது. அந்நாட்டின் நியூ லானார்க் என்னும் ஆலை ஊரிலே, ரொபேட் ஓவன் என்பார் 1816-ஆம் ஆண்டிலேயே நூற்பாலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காகப் பள்ளியொன்றைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளும் அங்கே ஆடவும் பாடவும் விளையாடவும் இடம் பெற்றனர். அதே நாட்டினர் பலர் பின்னர் இலங்கை மலைகளிலே தோட்டம் அமைத்தபோது, ஊர்ப்பெயர்களைக் கொண்டுவர மறக்கவில்லை. இதனைக் கொண்டுவர நெடுங்காலம் மறந்துவிட்டனர். தோட்டப்புறத்துச் சிசு மரண வீதம் நாட்டின் பொதுச் சராசரியினும் நீண்டகாலம் உயர்ந்தே இருந்தமை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பேறுகாலத்துத் தாய்மார்க்கு உதவி வழங்குவதைச் சட்டமாக்கிய கட்டளை 1939-இலேதான் வந்தது.

விளையாட்டுப் பொருள்களைக் கடையில் வாங்கும் வழக்கம் லயத்தில் இருந்ததில்லை. வாங்கப் பணமும் இல்லை. பால்பேணியினுள் நாலைந்து தேயிலைக் கொட்டைகளைப் போட்டு வாயை நசுக்கிவிட்டால் கிலுகிலுப்பை. அதே கொட்டைகள் சற்றே வளர்ந்த சிறுவர்க்குப் போலை அடிக்க உதவின. மிலாற்றில் நேரான துண்டு கிடைத்தாற் கிட்டிப்புள் சீவலாம். மீன் பேணியைப் பிளந்து, மூடிகளைச் சில்லாகப் பூட்டி, கயிறுகட்டி இழுத்தால் வண்டி. கந்தைத் துணியை உருட்டிக் கட்டி, அடுப்புக்கரியால் கண்ணும் வாயும் எழுதினால் பொம்மை. ஓடையோரத்து மண்ணிலே சோறு சமைத்து, இலையிற் பரிமாறி, பெரியோரின் நாளைச் சிறியோர் நடித்துப் பார்ப்பது எந்நாட்டிலும் உள்ளதே. இங்கும் அதற்குக் குறைவில்லை.

ஆயினும் ஒரு பொருளைப் பற்றி மகிழ்ச்சியோடு மட்டும் பேச இயலாது. மூங்கிலைப் பிளந்து பெரிய கூடை முடைவோர், எஞ்சிய கீற்றுகளிலே பெண்பிள்ளைக்கென்று சிறுகூடை ஒன்று முடைந்துகொடுப்பதுண்டு. கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு தாயைப்போல் நடப்பது அவளுக்கு விளையாட்டு. அவ்விளையாட்டுக்கும் வேலைக்கும் இடையே இருந்த தூரம் மிகச் சிறிது. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச்சட்டம் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துதலை விலக்கியது. விலக்க வேண்டியிருந்தது என்பதே போதிய சான்று. 1929-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தோட்டத்துச் சிறாருக்குக் கல்வி வசதி அளிக்கவேண்டும் என்ற கட்டளை 1907-லேயே பிறந்துவிட்டது. ஆயினும் பல தோட்டங்களிலே பாடசாலை என்பது ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஆகவே நெடுங்காலம் நின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப்போர் லயத்து அடுப்பையும் தையலையும் ஒருங்கே மாற்றிவிட்டது. 1942-இல் பர்மா யப்பானியர் கைப்படவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கோதுமை மா பங்கீட்டிலே வந்தது. சோறு உண்ட குடும்பம் ரொட்டிக்குப் பழகிற்று. இன்றும் மலைக்குக் கொண்டுசெல்லும் காலையுணவு பெரும்பாலும் ரொட்டியே. மா வந்த பருத்திச் சாக்கோ தாய்மாருக்குப் புதையலாயிற்று. பிரித்துத் துவைத்து வெயிலிற் போட்டால் பிள்ளைக்குக் காற்சட்டைக்கும் உட்பாவாடைக்கும் துணி கிடைத்தது. துவைத்தும் போகாத ஆலை முத்திரை சில சமயம் சிறுவனின் முதுகுப்புறத்தே நின்று நகைப்பை விளைத்ததுமுண்டு. அமெரிக்காவிலே 1930-களின் வறுமைக் காலத்தில், தாய்மார் மாச்சாக்கிலே பிள்ளைகட்கு உடை தைப்பதைக் கண்ட ஆலையார் சாக்குத்துணியிலே பூ அச்சிட்டு விற்றனர். அக்கரப்பத்தனைக்கு வந்த சாக்கிலே பூ இருக்கவில்லை. தைத்த கைகள் மட்டும் ஒத்திருந்தன.

ஆடவரின் கைத்திறன் பெரிதும் வெளிப்பட்டது மாசி மாதத்துக் காமன் கூத்திலேயாம். அட்டையை வெட்டிப் பளபளப்புத் தாள் ஒட்டி முடியும் புயநகைகளும் செய்வர். மரவளையத்திலே தோலை இழுத்துக்கட்டித் தப்பு அமைத்து, தீயிற் காய்ச்சிச் சுருதி கூட்டுவர். இரவு முழுதும் கம்பளிக்குள் ஒடுங்கி இருந்து பார்க்கும் சிறுவர், மறுநாள் வாழைமட்டையாலும் தாளாலும் தமக்கென ஒரு ரதியையும் மன்மதனையும் ஒப்பனை செய்துவிடுவர். லயத்து மக்களின் பாடல்களையும் வாழ்க்கையையும் ஏட்டிலேற்றியவர்களுள் முதன்மையானவர் வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. இக்கைவினைகளையும் அவ்வாறு ஒருவர் தொகுத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெருந்தொகையினரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் கைச்சாத்தான சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இற் சரிபாதியாக்கின. காம்பிராவின் நடுவிலே கோடு விழுந்தது போன்று, ஒரே குடும்பத்திலே அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் ஆன கதைகள் பல. இலங்கையில் எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003-இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. தோட்ட நிர்வாகம் 1992-இல் கம்பனிகளின் கைக்கு மாறிய பின், பிள்ளைக்காம்பிராக்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. சுவரிலே படங்கள் ஏறின. பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பேற்றனர். கடையிற் செய்த நெகிழிப் பொம்மைகளும் வந்துசேர்ந்தன. லயங்கள் பல இன்னும் அவ்வாறே நிற்கின்றன.

ஒப்பந்தத்தின்படி புறப்பட்டோர் தலைமன்னாருக்குப் புகையிரதமேறித் தோணித்துறையிலே கப்பலுக்குக் காத்திருந்தனர். தகரப்பெட்டியும் பாத்திரக் கட்டும் கையில் இருந்தன. களிமண் அடுப்பையும், வாசலில் வைத்த நோக்கோற் பாத்தியையும், கோழிக்கூட்டையும் கொண்டுசெல்ல இயலவில்லை. பழஞ்சேலையைக் கொண்டுசெல்ல இயன்றது; வழியிலேயே அது தேவையுமாயிற்று. வந்தோர்க்கு வேலை அளித்தற்பொருட்டு 1968-இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் நட்ட கன்றுகள் கொழுந்து விடத் தொடங்கியபோது, அங்கு எழுந்த புதிய குடியிருப்புகளின் கூரைச் சட்டங்களிலும் ஏணை கட்டப்பெற்றது.