ஹாங்கினின் மூடிய குழாய்: 1896 கங்கை நீர்ச் சோதனையைப் பேஜ் வரலாற்றிலிருந்து நீக்கலாமா?

பாரிஸ் பாஸ்டியர் ஆய்வகத்தின் இதழில் 1896இல் எர்னெஸ்ட் ஹான்பரி ஹாங்கின் எழுதிய கட்டுரை இரண்டு விதமாகப் படிக்கப்பட்டு வருகிறது. ஆக்ராவில் பணியாற்றிய ஹாங்கின், கங்கை, யமுனை நீரில் விட்ட காலராக் கிருமிகள் சில மணி நேரத்தில் மடிவதைக் கண்டார். திறந்த கலத்தில் காய்ச்சிய நீருக்கு அந்த ஆற்றல் இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பேஜுக்கு இதுவே முதல் சான்று என்று நூல்கள் பல எழுதின. 2011இல் ஸ்டீபன் அபிடனும் உடன் ஆய்ந்தோரும் இதை மறுத்து, ஹாங்கின் கண்டது பேஜ் என்று கொள்வது ஐயத்துக்குரியது என்றனர். அந்த மறுப்பில் பாதி சரி, பாதி மிகை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவர்களுடைய வலுவான சான்று ஹாங்கினின் கட்டுரையிலேயே இருக்கிறது. பேஜை முன்வைத்து எழுதியவர்கள் பெரும்பாலும் கடந்துபோன ஒரு சோதனை அது. காற்றுப் புகாமல் மூடிய குழாயில் சூடாக்கியபோது, நீரின் கொல்லும் ஆற்றல் அழியவில்லை. திறந்த கலத்தில் போய்விடுகிறது, மூடிய குழாயில் தங்குகிறது என்றால் அது ஆவியாகும் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹாங்கினே முடிவு கட்டினார். பேஜ் புரத உறைக்குள் பொதிந்த மரபுப்பொருள். கொதிநிலைச் சூட்டில் அது சிதைந்துவிடும், குழாய் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும். ஆகவே மூடிய குழாயில் கிருமியைக் கொன்றது பேஜ் அல்ல. இதுவரை அபிடன் குழுவினரோடு எனக்கு வேறுபாடில்லை.

வேறுபாடு அடுத்த அடியில் தொடங்குகிறது. சூடாக்கிய நீரில் கொன்றது பேஜ் அல்ல என்பதிலிருந்து, சூடாக்காத நீரிலும் பேஜ் இல்லை என்ற முடிவு தானாக வராது. அப்படி வரவேண்டுமானால், ஆற்று நீரில் கொல்லும் காரணி ஒன்றே ஒன்றுதான் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சாக்கடையும் சாம்பலும் பிணமும் கலந்த ஆற்றில் அந்த அனுமானத்துக்கு என்ன ஆதாரம்? ஆவியாகும் பொருள் ஒன்றே போதும், இரண்டாவது எதற்கு என்று கேட்கலாம். சிக்கனமான விளக்கம் நல்ல வழிகாட்டிதான். ஆனால் ஒன்று இல்லை என்பதற்கு அதுவே சாட்சியாகாது.

என் பக்கத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கிருமி அடர்த்தியாக இருந்தால்தான் பேஜ் அதைச் சந்தித்து வேகமாகப் பெருகும். சத்துக் குறைந்த ஆற்று நீரில், சில மணி நேரத்துக்குள், அது கடினம். காலரா பேஜ் இந்திய நீர்நிலைகளில் இருந்ததற்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான ஆதாரங்கள் 1920களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றை முப்பது ஆண்டு பின்னோக்கி நீட்டுவது ஊகமே.

ஆனால் இந்த வழக்கைத் தீர்க்கும் உரைகல் வேறு. பேஜ் ஒரு நஞ்சு அல்ல. செல்லின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்துகிறது. டி4 போன்ற பேஜ் ஓம்புயிரின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, அதன் நொதிகளையும் ரைபோசோம்களையும் தன் வேலைக்குத் திருப்பிவிடுகிறது. வீட்டுக்காரரின் அடுப்பிலேயே அவர் அரிசியைப் போட்டு வந்தவர் சமைப்பதைப் போல. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் செல்சுவர் உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட புதிய பேஜுகள் வெளியேறுகின்றன. எனவே செல் கைப்பற்றப்பட்டதற்குச் சான்று கிருமி செத்தது அல்ல, கொன்றது பெருகியது. ஒரு குழாயின் வடிநீரில் ஒரு சொட்டை உயிருள்ள கிருமி கொண்ட அடுத்த குழாயிலும், அதிலிருந்து ஒரு சொட்டை அதற்கடுத்ததிலும் விட்டுக்கொண்டே போக வேண்டும். வேதிப்பொருள் நீர்த்துப்போகும், பேஜ் நீர்க்காது. இதை 1917இல் ஃபெலிக்ஸ் தெரெல் தெளிவாக்கினார். ஹாங்கினின் முடிவு அந்தச் சோதனையின்மேல் நிற்கவில்லை. ஆகவே அவரைச் சேர்க்கவும் போதிய ஆதாரமில்லை, நீக்கவும் இல்லை.

தெரெலும் இந்த உரைகல்லைக் குறுக்கிவிட்டார். 1927இல் இந்தியா வந்து காலரா நோயாளிகளிடம் ஆய்ந்த அவருக்கு, பேஜ் என்றால் கொல்வது, கொல்வதால் குணமாக்குவது. பேஜ் எல்லாம் ஒரே இனம் என்பதும் அவர் கொள்கை. பாட்னாவில் ஈகோர் அஷெஷோவ் காலரா பேஜுகளைப் பல வகைகளாகப் பிரித்தபோதே அது ஆட்டம் கண்டது. மக்களிடையே பேஜ் சோதனை ஷில்லாங் பாஸ்டியர் நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து மாரிசன் என்பவர் அசாமின் நௌகாங் பகுதிக்குப் பேஜ் வழங்கினார்; ஹபிகஞ்ச் ஒப்பீட்டுக்கு விடப்பட்டது. நௌகாங்கில் சாவு குறைந்தது உண்மை. குறைத்தது பேஜா, நோயின் இயல்பான ஏற்ற இறக்கமா என்பது 1936இல் இந்தப் பேஜ் ஆய்வு முடிந்தபோதும் தீரவில்லை.

கொல்லாமலும் பேஜ் செல்லை ஆளும் என்பது காலராவிலேயே வெளிப்பட்டது. காலரா நச்சை ஆக்கும் மரபணுக்கள் சி.டி.எக்ஸ். என்ற இழைவடிவப் பேஜுடையவை என்று 1996இல் வால்டரும் மெக்கலனோஸும் காட்டினர். அந்தப் பேஜ் ஓம்புயிரின் சொந்த நொதிகளைக் கொண்டே அதன் குரோமோசோமில் தன்னைப் பதித்துக்கொள்கிறது. செல்லை உடைக்காமல் வெளியேறுகிறது. தெரெல் மருந்தாகப் பார்த்தது பேஜ்; இன்னொரு வகைப் பேஜே நோயின் நஞ்சையும் சுமக்கிறது.

1992இல் சென்னையில் முதலில் அடையாளம் காணப்பட்ட ஓ139 என்ற காலராக் கிருமி வகை இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. அதன் மேற்பரப்புச் சர்க்கரை பழைய ஓ1 வகையினுடையது அல்ல. வங்கதேச நோயாளிகளிடம் கிடைத்த ஐ.சி.பி.1 பேஜ் பற்றிக்கொள்வது அந்த ஓ1 சர்க்கரையைத்தான். எனவே ஓ139 அதன் பிடிக்கு அகப்படாது. பேஜின் நெருக்கடிதான் அந்த மாற்றத்தை வளரவிட்டதா என்பது தீர்க்கப்படாத வினா. வாய்ப்புண்டு என்பதற்கு மேல் சொல்ல நான் துணியவில்லை.

தீர்ப்பு இதுதான். ஹாங்கினை ‘முதல் பேஜ் ஆய்வாளர்’ என்று பாடநூலில் எழுதுவதை நிறுத்த வேண்டும். அவர் கட்டுரையை ‘பேஜ் அல்லாதது’ என்று ஒதுக்குவதையும் நிறுத்த வேண்டும். அவர் செய்யாத சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நோய் விளைவிக்காத ஆய்வக ஈ.கோலை வகை ஒன்றும், நுண்வடிகட்டியும், நீலகிரியின் குந்தா ஆற்று நீரும் போதும். அங்குள்ள கல்லூரிகளின் நுண்ணுயிரியல் மாணவர்கள் வடிநீரைக் குழாய்க்குக் குழாய் மாற்றிப் பார்த்து, நீர்த்துப்போவது எது, பெருகுவது எது என்று எழுதி வெளியிட வேண்டும்.