கண்டிச் சீமையின் பெண் குரல்

மின்கிட்டாரும் முரசும் ஏந்திப் பெண்கள் மட்டுமே கூடி நடத்தும் ராக் இசைக்குழுக்களைப் பற்றி நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் 1964ஆம் ஆண்டளவில் தோன்றிய 'தாரா புஸ்பிதா' அத்தகைய குழுக்களுள் ஒன்று. மலர்மங்கையர் என்னும் பொருள்படும் பெயர் பூண்ட அந்த நால்வரும், மேனாட்டு ராக் இசையைத் தம் நாட்டு அரசு வெறுத்த காலத்திலே பாடத் தொடங்கிப் பின்னர் ஐரோப்பா வரை சென்று வந்தனர். காஷ்மீரத்துச் சிறீநகரில் 2012ஆம் ஆண்டில் பள்ளி மாணவியர் மூவர் 'பிரகாஷ்' என்ற குழுவை அமைத்தனர். அந்த ஆண்டின் இறுதியில் ஒரு போட்டி மேடையில் பாடினர். 2013 பெப்ரவரியில் மதத் தலைவர் ஒருவரின் கண்டனமும் முகம் காட்டாதோரின் மிரட்டலும் சேர்ந்து வரவே, அவர்கள் இசைக்கருவிகளைக் கீழே வைத்துவிட்டனர்.

இவ்விரு வரலாறுகளிலும் வழக்கு இசையைப் பற்றியது அன்று. பெண்கள் ஒருங்கே நின்று, ஊரார் கேட்க, தம் நெஞ்சிலுள்ளதைப் பாடலாமா என்பதே வழக்கு. இந்தக் கேள்வி மேனாட்டு இசைக்கருவிகளோடு கப்பலேறி வந்ததென்று எண்ணுவோர் உளர். நம் கண்டி மலைகளோ அதனை நெடுங்காலத்துக்கு முன்னரே கேட்டுவிட்டன. மின்சாரமும் மேடையும் இல்லாத அந்தப் பெண்களின் பாட்டு வரலாற்றையே இன்று எண்ணிப் பார்க்க விழைகின்றேன்.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுகளுக்குள்ளேயே கம்பளைக்கு அருகிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் தலைகாட்டின. அவற்றில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து கண்டியை அடைந்தனர். காய்ச்சலும் பேதியும் பசியும் வழியெல்லாம் உயிர்களைக் கொள்ளை கொண்டன. பிழைத்து வந்தோர் மூச்சுவிட்டு நின்ற இடம் மாத்தளை. அங்கே எழுந்த முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனி இன்றும் மாசிமகத்தில் நடைபெறுகின்றது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இந்த மலைநாடு முழுவதற்கும் 'கண்டிச் சீமை' என்றே பெயர். கண்டி நகரைக் கண்ணாலும் காணாத, தொலைவிலுள்ள ஒரு மலைத்தோட்டத்தில் வேலை செய்தவனுங்கூட ஊர் திரும்பினால் கண்டிக்காரன்தான். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் சேர்க்கும் கங்காணிகள் ஆசை காட்டினர் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. அந்தப் பொய்யையும், அதை நம்பி வந்த ஏமாற்றத்தையும் எழுத்தில் பதிய அம்மக்களிடம் ஏடும் எழுதுகோலும் இல்லை. பாட்டுத்தான் இருந்தது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆடவர். பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பியவர்கள். 1867ஆம் ஆண்டு இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை எட்டியது ஒன்று. கண்டி மாவட்டத்து லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது மற்றொன்று. 1869இல் தோன்றிய இலைநோய் இருபதாண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனைக் கொய்வதற்கு நாள்தோறும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங் குடும்பமாக மக்கள் லயன்களிற் குடியேறினர். கொழுந்து பறிக்கும் வேலை பெண்களுடையதாயிற்று.

விடியுமுன்னே தப்பு முழங்கும். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெண் பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். நேரம் பிந்தினால் அன்றைய வேலையே இல்லையென்று திருப்பி அனுப்பப்படலாம். பின்னர் இடுப்பில் படங்கைச் சுற்றி, கூடையின் கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டி, மலையில் நிரை பிடித்து நிற்பாள். மட்டக்கம்பைச் செடியின் மேல் வைத்து அளவு பார்த்துக் கொழுந்தைக் கிள்ளுவாள். குறித்த நிறை சேராவிட்டால் முழுப்பேர் கிடைக்காது, அரைப்பேர்தான்.

அந்த நிரையிலேதான் பாட்டுப் பிறந்தது. ஒருத்தி ஓரடியை எடுத்துக் கொடுக்க, அடுத்த நிரையிலிருப்பவள் அதை வாங்கி மறுமொழி கூட்ட, தெம்மாங்கு மலைச்சரிவில் ஏறி இறங்கும். லயத்துக் காம்பராவில் அது தாலாட்டாகும். கோயில் திருவிழாவிற் கும்மியாகும். சாவு வீட்டில் ஒப்பாரியாகும். தப்பும் காமன் கூத்தும் ஆடவர் கையில் இருந்தன. பெண்களுக்கு இருந்த கருவி தம் கைத்தட்டும் குரலுமே.

இப்பாடல்களில் அடிக்கடி வரும் பாத்திரங்கள் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகிய மூவர். நேருக்கு நேர் நின்று சொன்னால் வேலை போகும் சொற்களைப் பாட்டிலே வைத்துச் சொன்னாள் பெண். கங்காணியை எள்ளி நகையாடும் தெம்மாங்கை அவன் காதுபடவே பாடலாம். சும்மா பாடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒப்பாரிக்கோ இன்னும் பெரிய உரிமை. இறந்தவனைப் பார்த்து அழும்போது, அவனைக் கடலுக்கு இப்பால் கொண்டுவந்தவனையும், கடனில் அமிழ்த்தியவனையும், மருந்தில்லாமற் சாகவிட்டவனையும் அவள் பெயர் சொல்லாமற் சுட்டிக் காட்டலாம். அழுகையைத் தடுக்க யாருக்கும் துணிவு வராது. எழுத்தறியாத ஒரு சமூகத்தின் விண்ணப்பமும் சாட்சியமும் இவ்வாறு பெண்களின் நாவிலே தங்கின.

பாட்டின் வலிமையைத் தொழிலாளர் மட்டுமா உணர்ந்திருந்தனர்? 1869ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூலை அச்சிட்டார். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டிலே கூறும் நூல் அது. மலைநாட்டைப் பற்றித் தமிழில் அச்சேறிய முதல் இலக்கிய முயற்சிகளுள் ஒன்றாக அதனைக் கூறுவர். பெண்களுக்கே உரிய கும்மி, தோட்டத் தொழிலின் நலனுக்காக முதலில் அச்சேறிற்று. அதே மலைகளிற் கும்மியடித்த பெண்களின் சொந்தப் பாட்டு அச்சேறப் பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த முரண்பாட்டை நாம் மறத்தலாகாது.

இனி, மலையிலிருந்த பெண் குரலை மேடையேற்றிய ஒருவரைக் காண்போம். அவர் மீனாட்சி அம்மை; 'தேசபக்தன்' ஆசிரியராக விளங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து 1920ஆம் ஆண்டளவில் இலங்கையிற் குடியேறிய நடேசய்யர், பத்திரிகையாளராய்த் தொடங்கித் தொழிற்சங்கத் தலைவராய் வளர்ந்தவர். 1931இல் கண்டிக்குத் தெற்கேயுள்ள அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அவர் நிறுவினார். மீனாட்சி அம்மை பத்திரிகைப் பணியிலும் சங்கப் பணியிலும் அவருக்குத் தோள் கொடுத்தார். பெண்களின் உரிமைக்காகவும் எழுதினார்.

அக்காலத்தில் தோட்டத்துக்குள் வெளியார் நுழைவது குற்றம். நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயன்களுக்குட் சென்ற கதையை மலைநாட்டார் இன்றும் கூறுவர். மேடையிலோ வேறொரு தடை இருந்தது. சட்டமும் சம்பளக் கணக்கும் நிறைந்த பேச்சு, பகலெல்லாம் மலையில் உழைத்துக் களைத்தவர் காதில் எளிதில் ஏறுவதில்லை. மீனாட்சி அம்மை பாடினார். பாரதியின் பாடல்களைப் பாடினார். மக்கள் அறிந்த மெட்டுக்களிலே தாமே இயற்றிய பாடல்களையும் பாடினார். பேச்சு எட்டாத இடத்தைப் பாட்டு எட்டிற்று. கூட்டம் கலைந்து லயத்துக்குத் திரும்பும் பெண், கேட்ட மெட்டோடு சொல்லையும் எடுத்துச் சென்றாள். மறுநாள் நிரையிலே அது பாடப்பட்டால் எந்தத் துரை அதனைக் கைப்பற்ற முடியும்?

அம்மை பாடிய காலத்தின் நிலையை ஒரு கணக்கால் விளக்கலாம். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் வழியே உயர்மலைத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்துத் தோட்டத்தை வாழவைத்தவள் பெண். அவளுக்கே 11 சதம் குறைவு. இந்த வேற்றுமை நீங்கிச் சம கூலி வந்தது 1984ஆம் ஆண்டிலேதான்.

வாக்குரிமையைப் பற்றியும் ஒரு சொல். டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சென்ற சங்கத்தாரை நோக்கி, தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அது வேண்டுமா என்று வினவினர். சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா அம்மையார், அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று தயங்காமல் விடையிறுத்தார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. குடியிருப்பு முதலிய நிபந்தனைகளால் தோட்ட மக்களிற் பலர் அதைப் பெறமுடியாமற் போயினும், கொழுந்துக் கூடை சுமந்த கைகள் பல முதன்முறையாக வாக்களித்தன. 1936இல் நடேசய்யர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் இந்தியாவின் கமலாதேவி சட்டோபாத்தியாயர் தொழிலாளர் கூட்டமொன்றிற் பேசினார். கடல் கடந்து வந்த ஒரு பெண் பொதுமேடையில் நிமிர்ந்து நின்று பேசுவதை மலைநாட்டுப் பெண்கள் அங்கே கண்டனர். அந்தக் கூட்டத்திலே மாதுல்கலைத் தோட்டமொன்றிற் பணியாற்றிய பிரேஸ்கேர்டில் என்னும் ஆஸ்திரேலிய இளைஞரும் துரைமாரைக் கண்டித்துப் பேச, அவரை நாடு கடத்த அரசு முயன்றது. காலம் கொதிநிலைக்கு வந்துகொண்டிருந்தது.

1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். 1940 சனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே 1940ஆம் ஆண்டில் மீனாட்சி அம்மையின் பாடல் நூல் வெளிவந்தது. 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்பது அதன் பெயர். ஓர் அறிக்கைக்கு இடவேண்டிய பெயரைப் பாட்டுப் புத்தகத்துக்கு இட்டிருக்கின்றார் என்பதைக் கவனியுங்கள். அறிக்கை சபைக்குப் போகும். பாட்டு லயத்துக்குப் போகும். தம் மக்களின் நிலைமையை அவர்களுக்கே எடுத்துரைக்கும் அறிக்கை அது. மலையிலே எழுதாக் கிளவியாய் இருந்த பெண் குரல், எழுதியவர் பெயரோடு அச்சேறிய நாள் என்று அதனைக் கொண்டாடலாம்.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் முடிவாயிற்று. தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே உயிரோடிருப்பவர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தனர். சாவுக்கென அமைந்த பாட்டு பிரிவுக்கும் பயன்பட்டது. அந்தப் பாடல்கள் தலைமன்னார்க் கப்பலேறி இராமேசுவரம் கடந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் குடியேறின.

மக்கள் பிரிந்து போகும் அந்த நாட்களில் அவர்கள் பாடலும் அழிந்துவிடுமோ என்று கவன்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், தோட்டந் தோறும் கேட்ட பாடல்களைத் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் அத்தொகுதி 1983இல் வெளிவந்தது. அவருக்குப் பின் சாரல் நாடன் நடேசய்யரின் வாழ்க்கையையும் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். இவ்விருவரும் இல்லையேல் இன்று நாம் இதனைப் பேசவும் இயலாது.

எனினும் ஒரு குறை நெஞ்சை அறுக்கின்றது. தொகுப்பவர் பெயர் உண்டு; பாடியவள் பெயர் இல்லை. அந்தத் தெம்மாங்கின் முதலடியை எடுத்துக் கொடுத்தவள் யார்? அந்த ஒப்பாரியைக் கட்டியவள் எந்தத் தோட்டத்தவள்? நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்று சொல்லி நாம் எளிதில் நகர்ந்துவிடுகின்றோம். ஆசிரியர் இருந்தார், அவருடைய பெயரைக் கேட்பாரில்லை என்பதே உண்மை. செக்ரோலில் நாள்தோறும் பேர் விழுந்ததா என்று தவித்தவளுக்கு, இலக்கிய வரலாற்றில் அரைப்பேரும் விழவில்லை.

சுரபாயாவின் மங்கையர் பாடிய இசைத்தட்டுக்கள் உள்ளன. சிறீநகர் மாணவியர் ஓய்ந்த செய்தியும் பதிவாகியுள்ளது. கண்டி மலைகளின் பாடகியரோ இன்னும் ஒரு சிலர் நம்மிடையே முதியவராய் வாழ்கின்றனர். நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ அத்தகைய பாட்டி ஒருவர் இருந்தால், இன்று மாலையே அவர் அருகில் அமர்ந்து ஒரு பாட்டைக் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதியபின் அதன் மேலே அவர் பெயரையும், அவர் கொழுந்து பறித்த தோட்டத்தின் பெயரையும் மறவாமற் குறித்து வையுங்கள்.