மங்கித் தெளிந்த கண்கள்

1822 டிசம்பர். மகனைப் போல் தாம் அன்பு கொண்டிருந்த உறவினர் ஒருவருடன் தங்குவதற்காக, அகஸ்டஸ் தெஸ்தே என்னும் 28 வயது இளைஞர் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குச் சென்றார். அங்கு அவர் கண்டது அந்த உறவினரின் சடலத்தையே. அடக்கச் சடங்கில் பலர் கூடியிருந்தமையால் அழுகையை அடக்கப் பெரிதும் போராடினார். அதன்பின் விரைவிலேயே எழுத்துகள் அவருக்கு மங்கின. கடிதங்களைப் பிறர் படித்துக் காட்டவும், மறுமொழியைப் பிறர் எழுதவும் வேண்டியதாயிற்று. பின்னர் மருத்துவம் ஏதுமின்றியே பார்வை முற்றிலும் திரும்பியது.

துயரத்தின் விளைவு இது என்றே நாமும் எண்ணியிருப்போம். ஆனால், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரனாகிய இவர் விடாது எழுதிவந்த நாட்குறிப்பு வேறொன்றைச் சொல்கிறது. 1826-இல் கண் மீண்டும் மங்கியது. 1827-இல் ஃபுளோரன்ஸ் நகரில் பொருள்கள் யாவும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பின்னர் கால்களும் தளர்ந்தன. 1848-இல் அவர் மறைந்தபோது அந்நோய்க்குத் தெளிவான பெயர்கூட இல்லை. 1868-இல்தான் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ அதனைத் தனி நோயாக வரையறுத்தார். இன்று அதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறோம். பின்னாளில் நாட்குறிப்பு அச்சேறியபோது, அதில் அந்நோயின் தொடக்கத்தை மருத்துவ உலகம் அடையாளம் கண்டுகொண்டது.

நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையை, உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிப்பது இந்நோயின் இயல்பு. பார்வை நரம்பு மூளையின் நீட்சியே ஆதலால் அதுவும் தாக்குதலுக்கு உள்ளாகிறது. அப்போது ஒரு கண் சில நாள்களில் மங்கும். கண்ணை அசைத்தால் வலிக்கும். சிவப்பு நிறம் வெளிறித் தோன்றும். மூளைத்தண்டு பாதிக்கப்பட்டால் இரு கண்களும் ஒத்தியங்காமல் இரட்டைப் பார்வை உண்டாகும். வீக்கம் தணிந்தபின் பெரும்பாலோர்க்குப் பார்வை பெருமளவு திரும்புகிறது. உடலுழைப்பின்போது பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப் விவரித்தார். சிரை வழியே செலுத்தப்படும் ஸ்டீராய்டு மருந்து பார்வை தெளிவதை விரைவுபடுத்தினாலும், இறுதிப் பயனைப் பெரிதும் மாற்றுவதில்லை என 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எனினும், நோய் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. ஆகவே, மங்கிய கண் தானாகத் தெளிந்துவிட்டாலும் அதன் காரணத்தை ஆராயாமல் விடலாகாது.

புறத்தே பழுதின்றித் தோன்றும் கண்ணைக் கொண்டு, "எனக்குத் தெரியவில்லை" என்று ஒருவர் சொல்கையில் நாம் ஐயுறுகிறோம். மனக்கவலை என்று தேற்றிவிடுகிறோம். தெஸ்தேயோ தமக்கு நேர்ந்ததை மறைக்காமல், மிகைப்படுத்தாமல் எழுதினார். அவர் எழுதியதை உலகம் புரிந்துகொள்ள நூறாண்டு ஆயிற்று. நம் அருகில் இருப்பவர் சொல்வதை நம்புவதற்கு நமக்கு அத்தனை காலம் வேண்டியதில்லை.