குடகிலிருந்து பிச்சாவரம் வரை

குடகில் தென்மேற்குப் பருவமழை நாள்கணக்கில் ஊற ஊறப் பாறை இற்றுப்போகிறது. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மழைநீர் பட்டுப்பட்டுக் களியாக மாறுகிறது. அப்படிப் பிறக்கும் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. உடன்பிறந்த மணல் காவிரியின் அடியில் உருண்டு வர, களி நீரோடு கலந்தே வரும். அசையாத நீரில்கூட ஒரு மீட்டர் இறங்க அதற்கு மூன்று நாளாவது ஆகும். ஓடும் ஆற்றில் எங்கே படிவது? ஆடிப்பெருக்கின் செந்நீர் இந்தத் துகளும், இதன்மேல் ஒட்டிய இரும்பும்தான்.

மேட்டூரில் ஓட்டம் நின்றுபோகிறது. 1934இல் கட்டிமுடித்த அணையில் நீர் மாதக்கணக்கில் தேங்குவதால், வரும் களியில் பெரும்பங்கு அங்கேயே அடங்கிவிடுகிறது. வெள்ள உபரியில் தப்பியதும், அணைக்குக் கீழே கரைந்து சேர்வதும் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குள் இறங்கிக் கடலை நோக்கிப் போகின்றன.

பழையாறு அருகே முகத்துவாரத்தில் உப்பு எதிர்ப்படுகிறது. களித்துகளுக்கு மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. நன்னீரில் அதனால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே வந்தவை இவை. கடல்நீரின் அயனிகள் அந்த விலக்கத்தை அடக்கிவிட, மோதும் துகள்கள் ஒட்டுகின்றன. நுண்ணுயிர்களின் பசை மேலும் பிடித்துவைக்கிறது. பஞ்சுபோல் திரண்ட பின் தனித்துகளைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். இந்தக் கரையில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறுவதில்லை. ஆனாலும் அது போதும். ஏற்றத்தில் அந்தத் திரள் கழிக்குள் நுழைந்து, நீர் திரும்பும் முன் சற்றே நிற்கும் நேரத்தில் படிகிறது. பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்கள் ஓட்டத்தைத் தடுத்து, படிந்ததை மறுபடி கிளம்பவிடாமல் காக்கின்றன.

வற்றத்தில் அந்தச் சேற்றை ஒரு கை அள்ளிப் பாருங்கள். விரலிடுக்கில் நறநறப்பே இருக்காது. மேலே மெல்லிய பழுப்புத் தோல். பிட்டால் உள்ளே கன்னங்கரேல், அழுகிய முட்டை வாடை. காற்றுப் புகாத ஆழத்தில் கடல்நீரின் சல்பேட்டை நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக்க, அதனோடு கூடி இரும்பு கறுத்துவிடுகிறது. மலையிலிருந்து சிவப்பாக இறங்கிய அதே இரும்பு.

கழியில் தங்காதது கடலுக்குப் போய், தென்மேற்குக் காற்றில் வடக்கேயும் வடகிழக்குக் காற்றில் தெற்கேயும் அலைகிறது.

காவிரியை நாம் டி.எம்.சி.யில் மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. நீர், வண்டலுக்கு அதில் பங்கு இல்லை. டெல்டா நிலமே ஆறு கொண்டுவந்து போட்டதுதான். இறுகிக்கொண்டே தாழும் அந்த மண்மேல் புது வண்டல் விழாவிட்டால், கடல் ஏறத்தான் செய்யும். இதை ஆற்றுக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். மேட்டூரில் தூர்வாரவே 2017 ஆகிவிட்டது. அள்ளிய வண்டல் உழவர்களின் வயல்களுக்குப் போனது. அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவில்லை.